பின்னாலிருந்து படித்தவள்

புகைப்படத்தில் தங்கைக்கு இரட்டைச் சடை இருந்தது.

பல் தேய்த்துக்கொண்டே கூடத்துக்கு வந்தவள் அந்தச் சுவரின் முன்னால் நின்றுவிட்டாள். இருபத்திரண்டு வருடங்களாக, நான்கு வாடகை வீடுகளின் சுவர்களில் தொங்கிய படம் அது. பள்ளிச் சீருடையில் ஏழு வயதுக் குட்டி, ஒரு காலுறை சரிந்து கணுக்காலில் கிடக்க, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பாள். தலைமுடி காதோடு நின்றுவிடும், அதிலும் இடது பக்கம் இரண்டு விரல் குட்டை. பேன் தொல்லை தாங்காமல் அம்மாவின் துணிக் கத்தரிக்கோலை எடுத்து அதை வெட்டியது பன்னிரண்டு வயதில் இவள்தான். மூன்று நாள் கழித்துப் பள்ளியில் படம் எடுத்தார்கள்.

இப்போது இரண்டு சடைகள், நுனியில் நாடா கட்டி, தோள்களின் முன்னால் கிடந்தன. காலுறை சரிந்துதான் இருந்தது. கண் சுருங்கித்தான் இருந்தது. சட்டத்தின் பின்னால் சிலந்தி பின்னிய வலைகூட அறுபடவில்லை.

"அம்மா, குட்டி படத்த மாத்தினியா?"

அம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அத எதுக்கு நான் மாத்தறேன். இருக்கறதே அந்த ஒரு படம்."

"இதுல அவளுக்கு முடி குட்டையாதானே இருக்கும். நான் வெட்டி விட்டேன். நீ விளக்குமாத்த எடுத்துக்கிட்டு என்னைத் தெருவுல துரத்தின. மறந்துட்டியா?"

அம்மா நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் குழப்பம் எதுவும் இல்லை. "அவளுக்கு எப்பவும் ரெட்டைச் சடைதான். தினமும் நான்தானே பின்னி விடுவேன்." சொல்லிக்கொண்டே, வெங்காயத் தோல் ஒட்டிய அவள் விரல்கள் காற்றில் மூன்று புரிகளைப் பிரித்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு, இல்லாத முடியை இறுக்கி இழுத்தன.

முதலில் வந்தது பயமல்ல, கோபம். தங்கையின் மேல் அவள் விட்டுவைத்த ஒரே அடையாளம் அந்தக் கோணல் வெட்டு. அதை யாரோ வளர்த்து, பின்னி, நாடா கட்டி முடித்திருந்தார்கள்.

*

அச்சகத்தில் அவளைக் கண்ணாடி என்று கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருடமாக அங்கே புரூஃப் பார்ப்பவள். தன் வேலைக்கென்று அவள் ஒரு முறை வைத்திருந்தாள். எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவாள். பக்கத்தையும் கீழ் வரியிலிருந்து மேலே, ஒரு அட்டையால் மறைத்து மறைத்து, சொல் சொல்லாக ஏறிப் போவாள். கதை ஓடினால் கண் அதோடு ஓடிவிடும், எழுத்துப் பிழை தப்பிவிடும். பின்னாலிருந்து போனால் கதையே இருக்காது. வெறும் எழுத்துகள் மட்டும்தான். பக்கம் முடிந்ததும் ஓரத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். "என்ன கதைன்னே தெரியாம ஆயிரம் புத்தகம் படிச்ச ஒரே ஆளு நம்ம கண்ணாடி" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார்.

அண்ணனின் நாவல் போன மாதம் அவள் மேசைக்கு வந்தபோது, அந்த முறைக்காக அவள் மனதுக்குள் நன்றிகூடச் சொன்னாள். அவன் எழுதியதைப் படிக்க அவளுக்கு விருப்பமில்லை. ஒன்பது நாள், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஒரு சொல்லின் அர்த்தமும் மேலே படாமல் பார்த்து முடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் 'சரி' போட்டு அனுப்பினாள்.

அன்று காலை அந்த நாவலின் ஃபாரங்கள், மடிக்க வேண்டிய அச்சுத் தாள்கள், பைண்டிங் மேசையில் மலையாகக் குவிந்திருந்தன. பைண்டிங் அக்கா தாளை மடித்து, மடிப்பின் மேல் எலும்புப் பட்டையால் சர்ரென்று இழுத்துக்கொண்டிருந்தாள். பசை வாசனையும் புது மையின் மண்ணெண்ணெய் நெடியும் கலந்து அறை முழுக்க நின்றன. உள்ளே இயந்திரம் தட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தட்டலுக்கு அடியில், அதோடு சேராமல், இன்னொரு சின்னத் தட்டல் கேட்பது போலிருந்தது. நின்று காது கொடுத்தால் அது இல்லை.

"உங்க அண்ணன் புத்தகமாமே இது" என்றாள் பைண்டிங் அக்கா. "மடிக்க மடிக்க ரெண்டு வரி படிச்சேன். அப்புறம் வேலையே ஓடல. ஒரு மணி நேரம் உக்காந்து அழுதேன், முதலாளி வந்து திட்டிட்டுப் போனாரு."

"அப்படி என்ன இருக்கு?"

"நீதானே முழுசாப் படிச்ச, என்னைக் கேக்கற?" அவள் சிரித்தாள். பிறகு பட்டையை மேசையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அந்த அக்காக்காரி இருக்காளே, கதையில. சின்னப் புள்ளைய சாமான் ரூம்ல போட்டுப் பூட்டிட்டு, வெளிய உக்காந்து அது தட்றத எண்றாளே. பொம்பளையா அவ? நேர்ல பார்த்தேன்னு வையி, இந்தப் பசையை எடுத்து மூஞ்சியில அப்பிடுவேன்."

கண்ணாடி மேலே கிடந்த ஃபாரங்களை அள்ளிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். அந்த வேலைக்கு வந்தபின் முதல் தடவையாக, ஒரு புத்தகத்தை முன்னாலிருந்து படித்தாள்.

பதினான்காம் பக்கத்தில் இரட்டைச் சடை இருந்தது. நாடாவும் இருந்தது.

நூற்று எண்பதாம் பக்கத்தில் கதவு வந்தது. நீலக் கதவு என்று எழுதியிருந்தான். நிஜத்தில் அந்தக் கதவுக்கு வண்ணமே கிடையாது. வெறும் மரம்.

நடந்தது இதுதான். அன்று அம்மா தையல் கம்பெனியில். இவள் பள்ளி மைதானத்தில், ஓட்டப் பயிற்சியில். வீட்டில் பதினைந்து வயது அண்ணனும் குட்டியும் மட்டும். அவன் நூலகத்துப் புத்தகம் ஒன்றில் மூழ்கிக் கிடந்தான், குட்டி விளையாடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவளைச் சாமான் அறையில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டான். படித்து முடித்ததும், அடுத்த பாகத்தை வாங்க நூலகத்துக்குப் போனான். போனவன் அங்கேயே உட்கார்ந்து அதைப் படிக்கத் தொடங்கிவிட்டான். காற்றுத் துளையை எட்டுவதற்காக இரும்பு அலமாரியில் ஏறியிருக்கிறாள் குட்டி. அது சாய்ந்தது. ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து தாழ்ப்பாளைத் திறந்தது இவள்.

அன்றிரவே அம்மா இவளைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னாள். மழையில் ஊறிக் கதவு தானாக இறுகிக்கொண்டது என்று சொல்ல வேண்டும். போனவள் போய்விட்டாள், இருப்பவனையாவது காப்பாற்ற வேண்டும். இவள் இருபத்திரண்டு வருடம் அதைத்தான் சொன்னாள். உண்மை தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர். அந்த மூவரில் ஒருவன் இப்போது அதை எடுத்துத் தன் கைரேகையைத் துடைத்துவிட்டு, அவளுடையதைப் பதித்து, விலை போட்டிருந்தான்.

குட்டி கதவைத் தட்டினாளா, எத்தனை தடவை தட்டினாள் என்று யாருக்கும் தெரியாது. கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. அண்ணன் அதை நாற்பது என்று எழுதியிருந்தான். நாற்பதாவது தட்டு வரை அக்கா எழுந்திருக்கவில்லை.

கட்டி வைத்திருந்த தன் புரூஃபை எடுத்துப் பார்த்தாள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில், அவளுடைய கையெழுத்தில், சிவப்பு மையில்: சரி.

*

அண்ணன் மதியம் அட்டைப்படம் பார்க்க வந்தான். முதலாளி அறையில் அவனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் புரூஃபை அவன் மடியில் போட்டாள்.

"இது என்ன?"

"என் நாவல்" என்றான் அவன், நிதானமாக. "கோவமா இருக்க போல."

"நான் எப்பண்ணா அவளப் பூட்டினேன்?"

"ஏய், மெதுவா. நீன்னு எங்க எழுதியிருக்கேன்? அக்கான்னு எழுதியிருக்கேன். நடந்தது வேற, கதை வேற. இத்தனை வருஷம் அச்சாபீஸ்ல இருக்க, இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"யார் காதுல பூ சுத்தற? அக்கா, தங்கச்சி, ஒரு அம்மா, தையல் கம்பெனி, சாமான் ரூம். எல்லாம் நம்ம வீடு. உன்னை மட்டும் காணோம். உன்னையே எழுதியிருக்க வேண்டியதுதானே?"

"எழுதிப் பார்த்தேன். ரெண்டு தடவை எழுதினேன். எடுபடல." அதைச் சொல்லும்போது அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. வேலை சரியாக வராத ஆசாரியின் வருத்தம். "ஒரு பையன் புத்தகம் மாத்தப் போனான், மறந்துட்டான். இதுல என்ன இருக்கு சொல்லு. வெளிய ஒருத்தி உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கான்னு வச்சதும்தான் கதைக்கு உயிர் வந்துச்சு."

"யாருக்கு உயிர் வந்துச்சு?"

 அவள் சிவப்புப் பேனாவைத் திறந்து, நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் 'அக்கா' என்ற சொல்லை அடித்து மேலே 'அண்ணன்' என்று எழுதினாள். அடுத்த வரியிலும் எழுதினாள். தாள் கிழிந்தது. முதலாளி வாசலில் வந்து நின்று, "கண்ணாடி, பிளேட் போட்டு அடிச்சு முடிச்சாச்சும்மா. இப்பத் திருத்தி என்ன பண்றது? நீ சரின்னு போட்டதாலதானே அனுப்பினேன்" என்றார்.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்றாள் அவள், அண்ணனைப் பார்த்து. "நல்லா இரு."

அவன் புரூஃபை மூடி வைத்தான். அவளை விசித்திரமாகப் பார்த்தான். பொய் சொல்லும்போது அவன் இடது காது மடலைத் தொடுவான், சின்ன வயதிலிருந்தே. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மடியில் அசையாமல் கிடந்தது.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத" என்றான். "அன்னிக்கு நான் லைப்ரரியிலேருந்து வந்தப்ப, நீ ஏன் அந்தக் கதவுக்கு எதிர்ல உக்காந்திருந்த?"

*

பேருந்து முழுக்க ஈரக் குடை நாற்றம். மூன்றரை மணிக்கே வானம் இருட்டிக் கிடந்தது. சன்னல் ஓரம் உட்கார்ந்து அவள் அன்றைய மைதானத்தைத் துண்டு துண்டாக மனதுக்குக் கொண்டுவந்து அடுக்கினாள். சுண்ணாம்புக் கோடு. விசில். விழுந்து சிராய்த்த முழங்கால், அதில் ஒட்டிய செம்மண். எல்லாம் இருந்தது. பாதி வழியில் மறுபடி அடுக்கினாள். விசில் இருந்த இடத்தில் சத்தமில்லை. இறங்கும் நிறுத்தத்தில் இன்னொரு தடவை அடுக்கினாள். மண் இருந்த இடத்தில், முழங்காலுக்குக் கீழே, குளிர்ந்த சிமெண்டுத் தரை இருந்தது.

வீட்டில் விளக்குப் போடவில்லை. அம்மா கூடத்தில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா. அன்னிக்கு நான் எங்கம்மா இருந்தேன்?"

"என்னைக்கு?"

"உனக்குத் தெரியும் என்னைக்குன்னு."

 வெளியே மழை ஓட்டுச் சரிவிலிருந்து ஒரே இடத்தில் விழுந்து குழி பறித்துக்கொண்டிருந்தது. "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்றாள் அம்மா. "பெத்தவளுக்கு எல்லாப் புள்ளையும் ஒண்ணுதான். உன்னை நான் யாருகிட்டயாவது காட்டிக் குடுத்தேனா? கதவு தானா இறுகிக்கிச்சுன்னுதானே ஊரு பூரா சொன்னேன். போனவ போய்ட்டா. இருக்கறவளையாவது காப்பாத்தணும்னு."

"அவனத்தாம்மா காப்பாத்தின. அவன."

"அவன் வீட்டுலயே இல்லயேம்மா அன்னிக்கு" என்றாள் அம்மா, அன்பாக. அந்த அன்புதான் தாங்க முடியாததாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் வாயை மூடிக் கிடந்ததற்கு அம்மா ஒரு நாளும் அவளுக்கு நன்றி சொன்னதில்லை. இப்போது மன்னித்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட இருந்த ஒண்ணையும் எடுத்துட்டீங்க" என்று கத்தினாள் அவள். "அவ முடியைக்கூட."

அப்போதுதான் அது கேட்டது.

தட்.

சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில். அங்கே சுவர்தான் இருந்தது. நாட்காட்டி மாட்டிய வெறும் சுவர். ஆறு வருடமாக அதைக் கடந்துதான் கைகழுவப் போகிறாள். நாட்காட்டி இப்போதும் அதே ஆணியில் தொங்கியது. ஆணி ஒரு கதவில் அடிக்கப்பட்டிருந்தது.

நீலக் கதவு.

தட். தட்.

"அம்மா, இந்த ரூம் எப்ப வந்துச்சு?"

"எந்த ரூம்? சாமான் ரூமா?" கூடத்திலிருந்து அம்மாவின் குரல் சாதாரணமாக வந்தது. "அது எப்பவும் இருக்கறதுதானே."

கைமுட்டியால் அல்ல, உள்ளங்கையால் தட்டும் சத்தம். சின்ன உள்ளங்கை. கதவின் பாதி உயரத்துக்கும் கீழே. ஒவ்வொரு தட்டுக்கும் நாட்காட்டியின் தாள்கள் லேசாக விலகி மூடின. அடியிலிருந்த இடுக்கிலிருந்து பழந்துணியும் துருவும் அடைந்து கிடந்த வாசனை மெல்ல வந்து அவள் பாதங்களைத் தொட்டது.

ஏழு. எட்டு.

தான் எண்ணிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வெளியே உட்கார்ந்து எண்ணுபவள் அவள் இல்லை. அவள் எண்ணுபவள் இல்லை. அதைக் காட்டுவது எளிது. திறக்க வேண்டியதுதான். நாற்பதுக்கு முன்னால் திறந்துவிட்டால் அவன் எழுதியது பொய். எவ்வளவு அடித்திருந்தாலும், எத்தனை ஆயிரம் பிரதி அடித்தாலும், பொய்.

அவள் கதவை நோக்கி நடந்தாள். ஆறு அடி வைக்கும் தூரம். கால்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல் நடந்தன.

பதினைந்து.

முழங்காலில் குளிர்ந்த சிமெண்டு. இங்கே அல்ல, அங்கே. பழைய வீட்டு நடையில் கதவுக்கு எதிரே, முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள். வாயில் பென்சில். கடித்துக் கடித்து அதன் மரம் நார் நாராகி நாக்கில் ஒட்டுகிறது. ஈயத்தின் கசப்பு.

அவள் நின்றாள். புத்தகத்தில் பென்சில் இல்லை. அவளுக்கு நன்றாகத் தெரியும், இன்று காலைதான் வரி வரியாகப் படித்தாள். அண்ணன் பென்சிலை எழுதவில்லை. அவன் எழுதாதது எப்படி வருகிறது?

இருபத்து மூன்று.

"அவன் எழுதல" என்றாள் சத்தமாக. "இத அவன் எழுதல."

உள்ளே தட்டுவது ஒரு கணம் நின்றது. அவள் குரலைக் கேட்டு நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

நான் மைதானத்தில் இருந்தேன். சுண்ணாம்புக் கோடு. கோடு மட்டும் மிச்சம். யார் ஓடினார்கள்? நான். நான்தான்.

முப்பத்து மூன்று.

தாழ்ப்பாள் மேலே இருந்தது. இரும்பு. குளிர்ச்சி. அதன் முனையில் ஒரு பிசிறு இருக்கும், இழுக்கும்போது கட்டைவிரலைக் கீறும். தொடுவதற்கு முன்பே அவளுக்கு அது தெரிந்தது. தொட்டாள். கீறியது.

முப்பத்தாறு.

இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள்.

முப்பத்தேழு.

கோபம்தான் அவள் கையில் இருந்தது. வேறு பலம் எதுவும் இல்லை. அண்ணன் மேல், அம்மா மேல், சிவப்பு மையில் ஒன்பது நாள் குருடாக எழுதிப்போன தன் கை மேல். அது எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தாள்.

முப்பத்தெட்டு.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது.

நாற்பது ஆகவில்லை. இன்னும் இரண்டு பாக்கி. அவள் திறந்துவிட்டாள்.

குட்டி அங்கே நின்றிருந்தாள். முழுசாக. ஒரு காலுறை சரிந்து, இரண்டு சடையும் வியர்வையில் நனைந்து, தட்டித் தட்டிச் சிவந்த உள்ளங்கைகளை இன்னும் காற்றில் தூக்கியபடி. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தாள். பின்னால் இரும்பு அலமாரி நேராக நின்றது. அது சாயவே இல்லை.

"குட்டி" என்றாள் அவள். முழங்கால் போட்டுக் கைகளை விரித்தாள். "வாடா. வெளிய வா. அக்காடா."

குட்டி வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். வந்திருப்பது யார் என்று பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறியது. தூக்கிய கைகள் மெதுவாக இறங்கின. ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். இன்னொன்று. அலமாரியில் முதுகு இடிக்கும் வரை போனாள். பிறகு, தப்பைத் திருத்திக்கொள்ளும் பிள்ளை போல அவசர அவசரமாக முன்னால் வந்து, கதவின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றினாள்.

"இனிமே தட்ட மாட்டேன்க்கா" என்றாள். "சத்தியமாத் தட்ட மாட்டேன்."

கதவை உள்ளேயிருந்து அவளே சாத்திக்கொண்டாள்.

அக்கா அதைத் தள்ளப் போனாள். உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. கதவின் மேல் சாய்ந்திருந்தது ஒரு ஏழு வயதுப் பிள்ளையின் முதுகு மட்டும்தான். ஒரு கையால் தள்ளினாலே போதும், திறந்துவிடும். அவள் உள்ளங்கையை மரத்தில் வைத்தாள். கை பட்டதுமே, அந்தப் பக்கத்தில், கதவோடு ஒட்டிக்கொண்டிருந்த சின்ன உடம்பு நடுங்கத் தொடங்கியது. அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி எங்கே தேடுவது? நீல வண்ணத்தின் வழியாக, மரத்தின் வழியாக, அந்த நடுக்கம் அவள் கைக்கு வந்துகொண்டே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை.